திருத்துவோம், தாழ்த்த மாட்டோம்: ஒரு கொள்கைப் பிரகடனம்

தமிழில் எழுத அஞ்சும் தமிழர்கள் பெருகிவிட்டார்கள். பேசுவதற்கு அவர்களுக்கு அச்சமில்லை; பாடுவதற்கும் இல்லை. நான்கு வரி எழுத வேண்டும் என்றால்தான் கை நிற்கிறது. ஒற்று வருமா வராதா, சின்ன ரவா பெரிய றவா, இரண்டு சுழியா மூன்று சுழியா என்று குழம்பி, கடைசியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். இப்படி ஒதுங்கியவர்களில் பட்டம் பெற்றவர்கள் உண்டு; பால் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் நோட்டில் எழுதிவந்த அம்மாக்களும் உண்டு. பிழையாக எழுதியவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம்தான் அவர்களை ஒதுக்கியது. அந்தப் பழக்கத்தை எதிர்த்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் தமிழாசிரியர்கள், அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர்கள், மெட்டுக்குப் பாட்டெழுதுகிறவர்கள், பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவர்கள், பத்திரிகை அலுவலகங்களில் பிறர் கட்டுரைகளுக்கு ஒற்றுப் போட்டே வயதானவர்கள். இலக்கணம் வேண்டாம் என்று சொல்பவர் எங்களில் ஒருவரும் இல்லை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகத்தான் வேண்டும். 'வேலை கொடு' என்று எழுதினால் பிழைப்புக்கு வழி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்று எழுதினால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். ஒரு மெய்யெழுத்து இவ்வளவு வேலை செய்கிற மொழியில் அதை அலட்சியப்படுத்தச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. பிழை எந்த இடத்தில் நேர்ந்தது, யார் எழுதியது, அதனால் யாருக்கு என்ன கெட்டது என்று பார்த்துப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கோரிக்கை புதிதன்று. தமிழ் இலக்கண மரபே பிழையை அப்படித்தான் பார்த்துவந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாக வகுத்தது. வகுத்ததோடு நிற்காமல், காரணம் இருந்தால் வழுவை ஏற்றுக்கொள்ள வழுவமைதி என்று ஓர் இடமும் வைத்தது. ஆசையாக வளர்த்த பசு மேய்ச்சலிலிருந்து திரும்புகையில் 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு; அஃறிணையை உயர்திணையாக்கிவிட்டார். ஆனால் உவப்பில் வந்த சொல் என்பதால் இலக்கணம் அதை அமைத்துக்கொண்டது. பேசியவரின் மனநிலையையும் விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன இலக்கணம் நம்முடையது. செய்யுளுக்கு அது இன்னும் தாராளம் காட்டியது. வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று ஆறு விகாரங்கள். அதற்கு மேல் சொல்லின் தலையையோ இடையையோ கடையையோ குறைத்துக்கொள்ளவும் அனுமதி. இல்முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆனபோது, இலக்கணப் போலி என்று பெயர் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். பழைய வழக்குகள் உதிர்வதும் புதியவை நுழைவதும் காலத்தால் நேர்வது, அது வழுவாகாது என்பதுதான் நன்னூலின் கடைசிச் சூத்திரத்தின் கருத்து. இலக்கணத்தின் பெயரால் ஆளை அடிக்க வருகிறவர்கள் அந்தக் கடைசிச் சூத்திரம் வரை வாசிக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அரசனும் அவன் அக்கையும் பிறரும் கோயிலுக்கு வழங்கியவற்றைக் குறிப்பிடும் அந்தக் கல்வெட்டில், கொடுத்த என்பது 'குடுத்த' என்றே வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து ஏழாம் வகுப்புப் பிள்ளை 'குடுத்தான்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. கோடு விழட்டும். எழுத்து வழக்கில் 'கொடுத்தான்' என்று எழுதக் கற்பது அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு உதவும். ஆனால் வகுப்பின் முன் நிறுத்தி 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்கிற ஆசிரியர், அந்தப் பிள்ளையின் வாயில் இருப்பது சோழர் காலத்துத் தமிழ் என்பதையும் நினைக்க வேண்டும்.

எழுத்துப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தாலே பாதிக் கோபம் அடங்கிவிடும். ரகரத்தையும் றகரத்தையும் பேச்சில் பிரித்துக் காட்டும் வட்டாரங்கள் தமிழ்நாட்டில் குமரி மாவட்டம் போல வெகு சிலவே. ணகரமும் னகரமும் பலர் வாயில் ஒன்றாகிவிட்டன. மதுரைக்குத் தெற்கே ழகரம் ளகரமாகிறது. வட பகுதிகளில் சில இடங்களில் யகரமாகிறது. அரமும் அறமும் காதுக்கு ஒன்றாகவே கேட்கிற வீட்டிலிருந்து வரும் குழந்தை, எந்த ர என்பதைச் சொல் சொல்லாகக் கண்ணால் பார்த்து மனத்தில் இருத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் புத்தகம் கிடக்கும் குழந்தைக்கு அது தானாக நடந்துவிடும். இல்லாத குழந்தைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் வழி. 2022இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்ப் பாடத்தில் 47 ஆயிரத்துக்கும் அதிகமானோர் தேறவில்லை என்று செய்தி வந்தபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லையே என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாடத்துக்கு வெளியே வாசிக்க ஒரு புத்தகமும், உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரமும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தனவா என்று கேட்டவர்கள் குறைவு. நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

பிழையைப் பார்த்துச் சிரிப்பவர் பல நேரம் எழுதிய ஆளைப் பார்த்தே சிரிக்கிறார். தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் ஓர் எழுத்து தவறியிருந்தால் அதைப் படம் பிடித்துப் பரப்புகிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. கையிலிருந்த பணத்தைச் சேர்த்து அந்தக் குடும்பம் அச்சடித்த தாள் அது. அதே தவறு ஒரு பெரிய மனிதரின் அறிக்கையில் வந்தால் 'தட்டச்சுப் பிழை' என்று கடந்துபோகிறோம். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் சாதியும் வர்க்கமும் நிற்கின்றன என்று சொல்ல நாங்கள் தயங்கப் போவதில்லை. இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். பேச்சுத் தமிழைக் கதைக்குள் கொண்டுவந்த முற்போக்கு எழுத்தாளர்களைப் பார்த்து, இது 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சிலர் எழுதினார்கள். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுத வந்தவர்கள். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அவர்கள் பக்கம் நின்று வாதாடினார்கள். விவாதம் மொழி மரபைப் பற்றியது என்று சொல்லிக்கொண்டாலும், யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இங்கேயும் அந்தக் கதை உண்டு. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் காட்டுச் சொற்களைத் தொகுத்து அகராதியாகவே போட்டுத் தந்தார். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் மொழி எழுத்துத் தமிழின் ஒழுங்கை முழுக்க மீறியிருந்தது. மீறாமல் அந்த வாழ்க்கையை எழுதியிருக்க முடியாது. சென்னைத் தமிழ் பல பத்தாண்டுகளாகச் சினிமாவில் அடியாளுக்கும் கோமாளிக்கும் ஒதுக்கப்பட்ட பேச்சாக இருந்தது. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் மேடையேறியபோது அதே பேச்சில், கானா மெட்டில், சாதி ஒழிப்பையும் இட ஒதுக்கீட்டையும் கேட்டோம். பேச்சுத் தமிழுக்கு விதி கிடையாது என்று நினைப்பவர்கள் ஹெரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு முழுப் புத்தகத்துக்கு விதிகள் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட 'அவங்க வந்தான்' என்று சொல்ல மாட்டாள்.

இனிப் பாட்டுக்கு வருகிறோம். பாட்டில் இலக்கணம் பார்க்கலாமா என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த நல்ல விடை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரக் கீர்த்தனையைப் பாடி முடித்து, அதற்குச் சிறப்புப்பாயிரம் வாங்க மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். சாமிநாதையரின் ஆசிரியர் அவர். அந்நாளில் தமிழ்ப் புலமைக்கு அவரை மிஞ்சி ஆளில்லை. கீர்த்தனையில் இருந்த இலக்கணப் பிழைகள் பிள்ளைக்கு உறுத்தின. இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவும் மனமில்லாமல், கொடுக்கவும் மனமில்லாமல் நாளைக் கடத்தினார். பாரதியார் சலிக்காமல் வந்துகொண்டே இருந்தார். ஒரு நாள் பிள்ளை பகலில் படுத்திருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தாமாகவே பாடத் தொடங்கினார். உள்ளே படுத்திருந்தவர் கேட்டார். கேட்கக் கேட்க உருகினார். எழுந்து வந்து சிறப்புப்பாயிரம் கொடுத்தார்.

அந்தக் கீர்த்தனையில் நந்தனார் தில்லைக்கு வெளியே நின்று, தான் உள்ளே வரலாமா என்று கேட்கும் பாட்டு இன்றும் கச்சேரிகளில் மாஞ்சி ராகத்தில் ஒலிக்கிறது. அதன் தொடக்கமான 'வருகலாமோ' என்பது இலக்கணத்தார் ஒப்பாத சொல். 'வரலாமோ' என்பதே முறை. கோயிலுக்குள் விடப்படாத ஒரு மனிதனின் கேள்வி, இலக்கணம் உள்ளே விடாத ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. அதைத் திருத்திப் பாட இன்று எந்தப் பாடகருக்காவது மனம் வருமா? பிள்ளையவர்கள் அன்று இலக்கணத்தைக் கைவிட்டுவிடவில்லை. அதற்குப் பிறகும் அவர் மாணவர்களுக்கு நன்னூலை வரிவரியாகப் பாடம் சொன்னார். பாட்டுக்கு வேறு ஒரு தராசு உண்டு என்று ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். அந்தப் பெருந்தன்மையும் அந்தக் கண்டிப்பும் ஒரே மனிதரிடம் இருந்தன. எங்கள் இயக்கத்துக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அவர்தான்.

சினிமாப் பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் பிறக்கிறது. இசையமைப்பாளர் தரும் தத்தகாரத்தைக் கேட்டுக்கொண்டு பாட்டெழுதுகிறவர் குறிலையும் நெடிலையும் நிரப்புகிறார். மெட்டு நீளும் இடத்தில் குறில் விழுந்தால் பாடும்போது 'பல்' 'பால்' ஆகிவிடும். நிறுத்தம் இடம் மாறினால் ஒரு சொல் இரண்டாக உடையும். இந்த நெருக்கடியில் ஒற்றுத் தேய்வதும், பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை வருவதும் சாதாரணம். கண்கள் பேசுது என்று எழுதுவதா, கண்கள் பேசுகின்றன என்று எழுதுவதா என்று எங்களைக் கேட்டால், பாடுகிறவன் யார் என்று திருப்பிக் கேட்போம். ஆட்டோ ஓட்டும் இளைஞன் காதலியைப் பார்த்துப் 'பேசுகின்றன' என்று பாடினால், எங்கள் கணக்கில் அதுதான் பிழை. அரசவைப் புலவன் வேடத்தில் வருபவன் முதல் அடியில் செந்தமிழும் அடுத்த அடியில் தெருத்தமிழும் பாடினால் அதுவும் பிழை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் 29 வயதில் மறைவதற்குள் எழுதிய பாட்டுகள் இன்று பாடநூலில் இருக்கின்றன. உழவர் பேச்சை அப்படியே மெட்டில் உட்கார வைத்தவர் அவர்.

ஆனால் பாட்டென்றால் எதையும் எழுதலாம் என்று இதற்குப் பொருள் சொல்ல வேண்டாம். மெட்டுக்காக வளைந்த சொல் காதுக்கு ஏதாவது தர வேண்டும். பொருளும் மங்கி, ஓசையும் சிறக்காமல், இடத்தை அடைக்க மட்டும் வந்த சொல்லை விகாரம் என்று நாங்கள் காப்பாற்ற மாட்டோம். உச்சரிப்பிலும் எங்களுக்குத் தயவு கிடையாது. பி. சுசீலாவுக்கும் எஸ். ஜானகிக்கும் தாய்மொழி தெலுங்கு, கே.ஜே. யேசுதாஸுக்கு மலையாளம். வேற்றுமொழியிலிருந்து வந்து இவ்வளவு அக்கறையோடு தமிழைப் பாடியவர்கள் இருக்கும்போது, தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர் லகர ளகர ழகரங்களைக் குழைத்துப் பாடுவதை 'ஸ்டைல்' என்று ஏற்க முடியாது. வட்டாரப் பாட்டில் வட்டார ஒலி வரட்டும். வட்டாரமே இல்லாத அரைகுறை ஒலிக்கு அந்த உரிமை இல்லை.

எங்கே கண்டிப்பாக இருப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அரசாணை, பாடநூல், நீதிமன்ற ஆவணம், மருந்துச் சீட்டு, பேருந்து நிலையப் பலகை, வங்கிப் படிவம், நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தியின் அடிவரி: இவற்றில் ஓர் எழுத்துத் தவறினாலும் கேட்போம். மருந்தை 'உணவுக்கு முன்' குடிப்பதா 'பின்' குடிப்பதா என்பது சரியாக அச்சாகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கோடிக்கணக்கில் செலவழித்து விளம்பரம் செய்யும் நிறுவனம், இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்ததைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் சாலையோரம் நிறுத்துவது மக்களை மதிக்காததன் அடையாளம். பாட்டை வெளியிடும் நிறுவனம் காணொளியில் அதன் வரிகளைத் தப்பும் தவறுமாக ஏற்றினால் அதற்கும் சாக்கு இல்லை. எழுதிய கவிஞர் சரியாகத்தான் எழுதியிருப்பார், பழி அவர் மேல் விழுகிறது. மெய்ப்புத் திருத்துபவர் ஒருவரை வேலைக்கு வைத்தால் தீரும் குறை இது. அந்த வேலைகள் பத்திரிகைகளிலேயே குறைந்துவருவதை நாங்கள் வேதனையோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிழை பிடிப்பவர்கள் நக்கீரரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்துக்குப் பிறகு அவரை அறியாத தமிழர் இல்லை. அவர் எங்கே குற்றம் சொன்னார் என்று பாருங்கள். சங்க மண்டபத்தில், பாண்டியன் அறிவித்த பொற்கிழியைக் கேட்டு வந்த பாட்டில் சொன்னார். சொல்லில் அன்று, பொருளில்தான் குற்றம் என்று காரணத்தோடு சொன்னார். எதிரே நிற்பவன் இறைவன் என்று தெரிந்த பிறகும் பின்வாங்கவில்லை. அந்தத் துணிவு வேண்டும் என்பவர்கள் அதை அதிகாரத்தின் முன் காட்டட்டும். காய்கறி வண்டியின் விலைப்பலகையில் காட்ட வேண்டிய துணிவு அன்று அது.

அறிஞர்களே ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. வாழ்த்துகளா வாழ்த்துக்களா, இயக்குநரா இயக்குனரா, முயல்கிறேன் என்றுதான் எழுத வேண்டுமா, முயற்சிக்கிறேன் என்றும் எழுதலாமா, அருகில் இருப்பதை அருகாமை என்பது சரியா: இவற்றைப் பற்றி நாங்கள் எங்களுக்குள்ளேயே மணிக்கணக்கில் வாதாடுவோம். எம்.ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணத்தையும் க்ரியா அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாதாடுவோம். ஆனால் தீராத வழக்கில் யாரையும் குற்றவாளி ஆக்க மாட்டோம். பெரியார் 1935இல் குடிஅரசில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல்தான் ஏற்றது. அதற்கு முன் பள்ளிக்குப் போனவர்கள் துதிக்கை போட்டு எழுதிய லையும் ணையும் அன்றைக்குச் சரி. இன்றும் தாத்தா ஒருவர் அப்படியே கடிதம் எழுதினால் அதை வாங்கிப் படிப்போம்.

இந்த இயக்கத்தில் சேருகிறவர் சிலவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். தனி மனிதரின் பிழையைப் படம் பிடித்துப் பரப்பக் கூடாது. திருத்த வேண்டுமென்றால் அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணம் தெரியாவிட்டால் தெரிந்துகொண்ட பிறகு திருத்த வேண்டும். ஒருவர் சொன்ன கருத்துக்குப் பதில் இல்லாதபோது அவருடைய ஒற்றுப் பிழையைக் காட்டி வாயடைக்கும் வேலையை அடியோடு விட வேண்டும். இது மிகக் கேவலமான பழக்கம், படித்தவர்களிடம்தான் அதிகம். ஆசிரியராக இருப்பவர் கட்டுரையின் கருத்தை முதலில் பாராட்டிவிட்டுப் பிழைக்கு வர வேண்டும். பாட்டெழுதுகிறவர் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு மீற வேண்டும். எழுதுவதை அனுப்புமுன் ஒரு முறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாணி போன்ற பிழைதிருத்திகளைப் பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம்.

எங்கள் உறுப்பினர்கள் மாலை நேரங்களில் நூலகங்களில் உட்காரத் தயாராக இருக்கிறார்கள். விண்ணப்பமோ, கடிதமோ, கல்யாணப் பத்திரிகையோ, சொந்தப் பாட்டோ, யார் எதைக் கொண்டுவந்தாலும் காசில்லாமல் மெய்ப்புப் பார்த்துத் தருவோம். திருத்திய இடத்தில் ஏன் திருத்தினோம் என்று பென்சிலில் எழுதித் தருவோம்.

தமிழில் எழுதுவதை நிறுத்திவிட்ட ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்காவாக இருக்கலாம், கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையாக இருக்கலாம். இந்த வாரம் அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே பதில் எழுதச் சொல்லுங்கள். பதில் வந்ததும் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதை முதலில் படியுங்கள்.